குடும்பத்தில் யாருக்கும் இல்லை

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நான் சௌக்கியம். உன் தலைவலியும் அம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? விடுதியில் ஒரே ஒரு போன், அதுவும் காப்பாளர் அறையில். பேசுகிறவனுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று கழுத்தில் மூச்சு விடுவார்கள். அதனால் இனி நமக்குக் கடிதம்தான்.

பேர் என்னவோ பல்கலைக்கழகம். பார்த்தால் ஒரு ரன்வே, இரண்டு தகரக் கொட்டகை, நான்கு குட்டி விமானங்கள். மூன்று வருடப் பட்டப்படிப்பு. காலையில் வானிலை, வழி கண்டுபிடித்தல், விமானச் சட்டம், என்ஜின் என்று வகுப்பு ஓடும். ஜூலையில் பறக்க விடுவார்கள். தலைமைப் பயிற்சியாளரை எல்லோரும் கேப்டன் என்றுதான் சொல்கிறார்கள். முதல் நாளே மிரட்டிவிட்டார்: “வானத்துல ஓரமா நிறுத்திட்டு யோசிக்க முடியாது. யோசனையெல்லாம் கீழேயே முடிச்சுட்டு வா.”

என் அறைக்கூட்டாளி கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். அதனாலேயே அவனுக்குப் பேர் ஒல்லி. தன் பெட்டியைத் தூக்கிய கையோடு என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

மருத்துவச் சோதனையும் முடிந்தது. கண், காது, இதயம் எல்லாம் சுத்தம். நீ நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் புரட்டிவிட்டு டாக்டர் சிரித்தார்: “குடும்பமே கல்லுக்குண்டு போல இருக்கே!”

அம்மாவுக்குச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டோம். நாங்கள் நலம். அம்மா மாடிப்படியைத் தவிர மற்ற எல்லாவற்றோடும் சமாதானமாக இருக்கிறாள். அச்சகத்தில் பள்ளிப் பாடநூல் வேலை. நாள் முழுக்க மெய்ப்புத் திருத்தி, கண்ணை மூடினாலும் எழுத்துகள் ஊர்கின்றன.

டாக்டர் சொன்னதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய், மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடி மடித்தாள்.

சிலது சொல்கிறேன், கேலி செய்யாதே. எட்டு மணி நேரம் தூங்கு. பரீட்சைக்காகக் கண் விழிக்காதே. வெறும் வயிற்றோடு விமானத்தில் ஏறாதே. விமானத்தின் முன்விசிறி சுற்றும்போது வெயில் அதன் வழியே விட்டு விட்டு முகத்தில் அடிக்குமாமே, அதை உற்றுப் பார்க்காதே. எங்கோ படித்தேன், அவ்வளவுதான்.

ஒல்லியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். ஒன்றரை மாதம் எழுதாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். பறந்துவிட்டேன்! இதுவரை ஒன்பது மணி நேரம். முதல் நாள் நான் கைப்பிடியைப் பிடித்த பிடியைப் பார்த்து கேப்டன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். “அது பறக்கத் தெரிஞ்ச பிராணி. நீ கெடுக்காம இருந்தாப் போதும்” என்றார். தரை நம்மை விட்டுப் போகிற அந்த நொடி இருக்கிறதே அக்கா, வயிறு கீழேயே நின்றுவிட்டு, பிறகு ஓடி வந்து சேர்ந்துகொள்கிறது.

போன வாரம் ஒரு கூத்து. விடியும்போது பார்த்தால் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறேன். நாக்கு கடிபட்டு இரண்டு நாள் காரம் ஆகவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. “கனவுலயும் லேண்டிங் பண்ணிப் பார்த்தியாடா?” என்று ஒல்லி சிரித்தான். சிரித்தானே தவிர, அன்று முழுக்க என் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

தரை இறங்குவதுதான் கஷ்டம். ரன்வேயின் மேற்குக் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். ரன்வேயின் மேற்குக் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதைப்

மன்னித்துக்கொள், வேறு பேனா எடுத்தேன். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் இன்று காலை வந்தது, உடனே எழுதுகிறேன்.

நான் பிழை திருத்துகிறவள். ஒரே வரி இரண்டு முறை வருவது எனக்குப் புதிதில்லை. ஆனால் உன் இரண்டாவது வரி முடியாத இடத்திலிருந்து பேனா காகிதத்தின் அடிவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிற அளவுக்கு அழுத்தம். அதற்குப் பிறகு வருவது உன் கையெழுத்துப் போலவே இல்லை. நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று?

கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. கட்டிலிலிருந்து விழுந்தது ஒரு தடவைதானா? அன்று படுக்கை நனைந்திருந்ததா? பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது “என்ன, கூப்பிடக் கூப்பிட முழிக்கிறே?” என்று கேட்டிருக்கிறார்களா?

ஊருக்குள் ஒரு டாக்டரைப் பார். உங்கள் கல்லூரி டாக்டரை வேண்டாம். என்ன படிக்கிறாய் என்று சொல்லாதே. காரணத்தை நேரில் சொல்கிறேன். அதுவரை பறக்காமல் இருக்க ஏதாவது சாக்குச் சொல். ஜலதோஷம் என்று சொல்.

உடனே பதில் போடு.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

சௌக்கியம். நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே? ஆகஸ்டில் எழுதியதும் அதற்கப்புறம் போட்ட இரண்டு கார்டுகளும் வந்தன. வேலை நெருக்கடி.

சோலோ முடித்துவிட்டேன். என் வகுப்பில் நான்தான் முதல். மூன்றாவது சுற்றில் கேப்டன் விமானத்தை நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். “என்னை இறக்கிவிட்டா எடை குறையும். கொஞ்சம் சீக்கிரமே மேல ஏறும், பயப்படாதே” என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். பக்கத்து இருக்கை காலி. கத்திப் பாடினேன். கேட்க யாரும் இல்லை.

இறங்கினதும் எல்லோரும் தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள். டவர்க்காரர் மட்டும், நாலு தடவை கூப்பிட்டும் நான் பதில் சொல்லவில்லை என்று குறைப்பட்டார். ரேடியோவில் கோளாறு என்றேன். மெக்கானிக் பாவம், அரை நாள் செலவழித்து அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணுமில்லையே தம்பி” என்று என்னையே பார்த்தார். நல்ல மனுஷர். ஒவ்வொரு திருகையும் முடுக்கிவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவார்.

நீ கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்: ஒன்றுமில்லை.

தம்பி


செப்டம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான். அம்மாவுக்குத் தெரியாமல் அச்சகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்பா கிரேனில் ஏறும்போது கால் வழுக்கி விழுந்து இறந்தார் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். உனக்கு அப்போது நாலு வயது, எனக்குப் பதின்மூன்று. அவருக்குக் கால் வழுக்கவில்லை. அப்பாவுக்கு வலிப்பு நோய்.

ஆரம்பத்தில் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், கை பாதி வழியில் நின்றுவிடும். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். எண்ணி முப்பது சொல்வதற்குள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். பிறகு விடியற்காலைகளில் விழத் தொடங்கினார். நாக்கைக் கடித்துக்கொள்வார். அம்மா தலையணை உறையைத் துவைப்பாள், நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையையும் ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டார், மறந்தும் போனார். அன்று ஏணியில் பாதி உயரத்தில் அவர் அசையாமல் நின்றதைக் கீழே இருந்த இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். “என்ன யோசிக்கிறாரு?” என்று பேசிக்கொண்டார்களாம். அப்புறம் கை விட்டுவிட்டது.

அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். “வெளிய தெரிஞ்சா உங்க ரெண்டு பேரையும் ஒரு மாதிரி பார்ப்பாங்கடி. என்னோட போகட்டும்” என்றாள். பதினைந்து வருடமாகப் போகவில்லை, வீட்டிலேயே இருக்கிறது.

படிவத்தில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா? நீ பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். ‘இல்லை’ என்று எழுதினேன். உனக்கு வராது என்று நம்பினேன். நம்பினேன் என்பதுகூடப் பொய்தான். வரக் கூடாது என்று நினைத்தேன்.

பறக்காதே. கோபம் வந்தால் என் மேல் வைத்துக்கொள். இதற்கு மருந்து இருக்கிறது, நன்றாக வாழலாம். விமானம் மட்டும் வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 14

அக்கா,

நலம்.

இரண்டு வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நீ ‘இல்லை’ என்று எழுதினாய். அது அப்படியே இருக்கட்டும். எல்லாம் முடிந்து, நான் தனியாகப் பறந்த பிறகு வந்து உண்மை பேசுகிறாய். எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்? மறைக்கத்தான். நன்றாகவே படித்திருக்கிறேன்.

ஒல்லிக்குத் தெரியும். இரண்டு தடவை நேரில் பார்த்திருக்கிறான். யாரிடமும் சொல்ல மாட்டான். “நீ விட்டா நான் பிடிச்சுக்கறேன்டா” என்றான். அடுத்த மாதம் நெடும்பயணம், இரண்டு இரண்டு பேராகப் போவது. போகும்போது ஒருவன் ஓட்ட வேண்டும், வரும்போது மற்றவன். எனக்கு ஜோடி ஒல்லிதான். அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

வருவதற்கு முன்னால் எனக்குத் தெரிகிறது. ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாசனை வரும். அப்போது கட்டுப்பாட்டை அவனிடம் கொடுத்துவிடுவேன். அவ்வளவுதான் விஷயம்.

இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.


அக்டோபர் 18

மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கள் முதலாண்டு மாணவன் ஒருவனின் அக்கா. தங்கள் வகுப்பில் முதலில் தனியாகப் பறந்தவன் அவன்தான்.

அவனுக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று நம்ப எனக்குக் காரணங்கள் உண்டு. எங்கள் தந்தைக்கும் அது இருந்தது. மருத்துவப் படிவத்தில் அதை மறைத்தது நான். என் தம்பிக்கு அப்போது தெரியாது. அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அவனை மூளை, நரம்பு மருத்துவரிடம் அனுப்பிச் சோதிக்கும்வரை விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அவன் அறைத் தோழனை விசாரித்தால் தெரியவரும். இரண்டு முறை போன் செய்தேன். “கிளாஸ்ல இருக்காங்க” என்று வைத்துவிட்டார்கள்.

தாமதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மாணவனின் அக்கா


நவம்பர் 10

அன்புள்ள அம்மணி,

வணக்கம். தங்கள் கடிதம் அக்டோபர் 23 அன்று கிடைத்தது. பதிலளிக்கத் தாமதமானதற்கு வருந்துகிறேன்.

தங்கள் தம்பியையும் அவர் அறைத் தோழரையும் தனித்தனியே அழைத்துப் பேசினேன். இருவரும் அப்படி எதுவும் இல்லை என்று உறுதியாகக் கூறினர். தாங்கள் தந்தையை இழந்ததிலிருந்து மனநலம் பாதிக்கப்பட்டு, வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் வந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்வது வழக்கம் என்றும் தம்பி மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தார். தங்களைக் குறித்து அவர் கொண்டுள்ள அக்கறை என்னை நெகிழ வைத்தது.

அவருடைய மருத்துவச் சான்று செல்லுபடியாகும் நிலையில் உள்ளது. இந்த ஆண்டின் மிகச் சிறந்த மாணவர் அவர். அடுத்த மாதம் மேற்பார்வைக் குழு வரும்போது முன்னிறுத்த நான் தேர்ந்தெடுத்திருப்பவரும் அவரே. நவம்பர் 14 அன்று நெடும்பயணம் செல்கிறார். இத்தகைய கடிதங்கள் அவர் எதிர்காலத்தைப் பாதிக்கும் என்பதைத் தாங்கள் உணர்வீர்கள் என நம்புகிறேன்.

தாங்கள் விரைவில் பூரண நலம் பெற வேண்டும்.

தலைமைப் பயிற்சியாளர்


நவம்பர் 27

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். வலது தோளில் கட்டுப் போட்டிருக்கிறது. விலா மூன்று முறிவு. நீ ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்ததாக நர்ஸ் சொன்னார். பார்க்க விட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது.

போகும்போது ஒல்லி ஓட்டினான். வரும்போது நான். ஆற்றைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. ரப்பர் வாசனை வரவில்லை அக்கா. எதுவுமே வரவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது புல்லும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை, யாரோ என் பெல்ட்டை அறுக்கிற சத்தம்.

மீதி ஒல்லி சொல்லித்தான் தெரியும். நான் விறைத்துப்போய்க் கைப்பிடியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். முதல் நாள் கேப்டன் பிரித்துவிட்ட அதே விரல்கள். ஒல்லி தன் தோளைக் கொடுத்து என்னைத் தள்ளி, ஒரு கையால் என்னையும் ஒரு கையால் விமானத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு வயலில் இறக்கியிருக்கிறான். கடைசியில் வரப்பு ஓர மரத்தில் அவன் பக்கம் மோதியது.

இரண்டு நாள் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தான். நடுவில் ஒரு திரை. விசாரணை அதிகாரி வந்து கேட்டபோது, “என்ஜின் நின்னுடுச்சு சார். அவன்தான் ரொம்ப நேரம் சமாளிச்சான்” என்றான். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். தூங்குகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் திரையை எடுத்தார்கள். கட்டில் காலி.

என்ஜினைக் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் என்பதால் மெக்கானிக்கை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். கேப்டன் நேற்று வந்தார். “உங்க அக்கா லெட்டர் எனக்கு வரவே இல்லை. புரியுதா? நீ வாயைத் திறக்காத வரைக்கும் நீ பைலட்தான்” என்றார்.

டிசம்பர் இருபதாம் தேதி விசாரணை. அவர் உனக்குப் போட்ட பதில் உன்னிடம் இருக்கும். அதைக் கிழித்துவிடு. உன்னைப் பற்றி அவரிடம் என்ன சொன்னேன் என்பதும் அதில் இருக்கும். அதற்காகவாவது கிழித்துவிடு.

தம்பி


டிசம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

தோள் வலி குறைந்ததா? மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. வலிப்புக்கும் மருந்து கேட்டு வாங்கு.

கேப்டனின் கடிதம் என் கைக்கு வந்தது பதினாறாம் தேதி. நீங்கள் கிளம்பியது பதினான்கு. நீ அவரிடம் சொன்னதைப் படித்தேன். அதற்காக அழவில்லை. நான் நேரில் வந்திருக்க வேண்டும், வரவில்லை என்பதற்காகத்தான் அழுதேன். அக்டோபரிலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் மறித்தது எனக்கும் வசதியாக இருந்தது. எழுதிப் போட்டுவிட்டோமே என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கிழிக்க மாட்டேன். பதினெட்டாம் தேதி எல்லாக் கடிதங்களோடும் வருகிறேன். நீ எழுதியவை, கேப்டனுடையது, எல்லாம். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. செய்யட்டும்.

ஒல்லி உனக்காகச் சொன்னான். அந்த மெக்கானிக்குக்காகச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இரண்டு வாரம் இருக்கிறது. நான் வந்து சொல்வதற்கு முன்னால் நீ சொன்னால் நன்றாயிருக்கும். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிட்டேன். “அவன் சாப்பிட்டானான்னு கேளு” என்றாள்.

சாப்பிட்டாயா?

அக்கா


டிசம்பர் 9

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். தோள் பரவாயில்லை. மருந்தும் ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவிடம் சொல்.

நேற்றுக் காலை விசாரணை அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கட்டிலுக்குக் கீழே கிடந்த விடியற்காலையிலிருந்து. ரேடியோவில் கோளாறு என்று சொன்னதை. உனக்குப் பைத்தியம் என்று சொன்னதை. அதிகாரி குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார். பறக்கும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தேன். வெளியே வரும்போது கேப்டன் எதிரே வந்தார். யாரோ தெரியாதவனைக் கடப்பது மாதிரி கடந்து போனார்.

மெக்கானிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தினமும் வரச் சொல்லி உட்கார வைக்கிறார்களாம். பக்கத்தில் போய் நின்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். “இருபத்தஞ்சு நாளா அந்த என்ஜினைத் தலைக்குள்ளேயே கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன்டா. எதை விட்டேன், எதை விட்டேன்னு” என்றார். அப்புறம் எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் ஒல்லியின் அம்மா அவன் சாமான்களை எடுத்துப் போக விடுதிக்கு வந்தார்கள். அவனுக்கு அவர்கள் மட்டும்தான், அவர்களுக்கும் அவன் மட்டும்தான். ஒற்றைக் கையோடு நானும் சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். அவன் சட்டை ஒவ்வொன்றும் போர்வை மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்ததும் என் தலையைத் தடவி, “உன்னையாவது காப்பாத்திட்டுப் போனானே. நீ பறக்கணும்பா, அவனுக்காக” என்றார்கள். என் வாய் திறக்கவில்லை. அதிகாரியிடம் இரண்டு மணி நேரம் பேசிய வாய். பெட்டியைக் கட்டிக் கொடுத்து, வண்டி ஏற்றி அனுப்பிவிட்டேன்.

விசாரணை அறிக்கை மாதக் கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போய்விடும் என்று அதிகாரி சொன்னார். அவர்கள் அதைக் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் நாலு மணி நேரம்.

பதினெட்டாம் தேதி நீ வந்ததும் அங்கே போகலாமா? நான்தான் சொல்வேன். நீ பேச வேண்டாம். கூட மட்டும் வா.

உன் தம்பி